வெண்கலத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 2020 வரை நிஜமாக வாழ்ந்த ஒரு பெண்ணுக்குக்கூடச் சிலை கிடையாது. கதையில் வரும் ஆலிஸ் இருந்தாள், ஜூலியட் இருந்தாள். அந்த வருட ஆகஸ்டில் பெண்ணுரிமைக்காகப் போராடிய சோஜர்னர் ட்ரூத், சூசன் பி. ஆண்டனி, எலிசபெத் கேடி ஸ்டான்டன் மூவருக்கும் ஒரே பீடத்தில் சிலை வைத்தார்கள். நல்ல விஷயம். அதைச் செய்தவரும் ஒரு பெண்தான், மெரிடித் பெர்க்மன். யாருக்குச் சிலை என்று கணக்குப் பார்க்கும் நாம், யார் கை செய்தது, யார் காசு கொடுத்தது என்றும் கேட்க வேண்டாமா?

அதே பூங்காவில் பெதஸ்தா நீரூற்றின் மேல் இறக்கை விரித்து நிற்கும் தேவதையைச் சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள். 1842ல் க்ரோட்டன் ஆற்றுத் தண்ணீர் நகரத்துக்கு வந்ததன் நினைவாக எம்மா ஸ்டெபின்ஸ் செய்தது. 1873ல் திறந்தார்கள். பெரிய சிற்ப வேலை ஒன்றை அந்த நகரம் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. அவருடைய அண்ணன் ஹென்றி, பூங்கா நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தவர். ஓஹோ, சிபாரிசா என்று சிலர் இழுக்கலாம். இருக்கட்டுமே! ஆண் சிற்பிகளுக்கு மட்டும் ஆள் தெரியாமலா வேலை கிடைத்தது?

அப்படி ஆள் இல்லாதவர் கறுப்பினப் பெண் சிற்பி ஆகஸ்டா சாவேஜ். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெமில் ஒரு தலைமுறைக் கலைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். பிரான்சில் ஒரு கோடைக்காலக் கலைப்பள்ளியில் படிக்க 1923ல் விண்ணப்பித்தபோது, கறுப்பினத்தவர் என்பதற்காகவே கதவைச் சாத்தினார்கள். நியூயார்க்கில் நடந்த 1939 உலகக் கண்காட்சிக்காக 16 அடி உயரத்தில் ஒரு யாழ் செய்தார். யாழின் நரம்புகள் எல்லாம் பாடும் கறுப்பினப் பிள்ளைகள். உயரமானவரில் தொடங்கிச் சிறுவர் வரை வரிசையாக இறங்கி நிற்பார்கள். கீழே அவர்களைத் தாங்குவது ஒரு பெரிய கை. கறுப்புக் கல்போலத் தெரிந்தாலும் அது பிளாஸ்டர்தான். வெண்கலத்தில் வார்க்கக் காசில்லை, எடுத்துப்போய் வைக்க இடமும் இல்லை. கண்காட்சி முடிந்ததும் மற்ற கட்டடங்களோடு சேர்த்து அதையும் இடித்துத் தள்ளினார்கள். இன்று மிச்சம் இருப்பவை போட்டோக்களும், நினைவுப் பொருளாக விற்ற குட்டிப் பிரதிகளும்தான்.

அந்தப் போட்டோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருவது சோகம் இல்லை, எரிச்சல். திறமை இருந்தது, வேலை முடிந்தது, கூட்டம் வந்து பார்த்தது. உலோகத்துக்குக் காசு கொடுக்க மட்டும் ஓர் ஆள் இல்லை.

80 வருடம் கழித்து, 2019ல், அதே நகரத்தில் சிமோன் லீ என்ற கறுப்பினப் பெண் சிற்பியின் ‘பிரிக் ஹவுஸ்’ என்ற சிலை ஹைலைன் பூங்காவில் நின்றது. தற்செயலாக அதுவும் 16 அடி. ஆனால் வெண்கலம். அதுவும் தற்காலிகமாக வைத்ததுதான். காலம் முடிந்ததும் இறக்கினார்கள், உடைக்கவில்லை.

சாவேஜின் யாழைப் பெரிதாகத் திரும்பச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒதுக்குகிற காசு ஒரு சிலைக்குத்தான் வருமென்றால், பிளாஸ்டரோடு இன்று காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.