விற்கும்போது தெரிந்த பின்கோடு, ரிப்பேர் என்றதும் மறந்துவிடுமா?

தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்து மெஷினை விற்கிற அன்றைக்கு மட்டும் இந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் கோத்தகிரி எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிகிறது. டெமோ காட்ட வேன் வருகிறது. தொப்பி தருகிறார்கள், டீ சர்ட் தருகிறார்கள். தேயிலைக்குள்ளேயே இறங்கி நாலு செடியைக் கவாத்து அடித்துக் காட்டிவிட்டு, ‘எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க சார்’ என்று விசிட்டிங் கார்டை நீட்டுகிறார்கள். அதே மெஷின் நின்றுபோய்க் கூப்பிட்டால், 643-இல் தொடங்குகிற எங்கள் நீலகிரிப் பின்கோடுக்கு சர்வீஸ் வசதி இல்லையாம். பணம் வாங்கும்போது இந்தப் பின்கோடு உங்கள் கண்ணில் படவில்லையா?

என்ன பழுது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எஞ்சின் போகவில்லை, பிளேடு உடையவில்லை. ஸ்டார்ட்டர் கயிறை இழுத்தால் சர்ரென்று சும்மா வருகிறது, விட்டால் சுருண்டுகொள்கிறது. எஞ்சின் அசைந்தே கொடுப்பதில்லை. மூடியில் இருக்கிற நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கயிறு சுற்றுகிற சக்கரம், அதன் மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கி. கயிறை இழுக்கும்போது இது வெளியே நீண்டு, எஞ்சின் பக்கம் இருக்கிற பல்லைப் பிடித்துச் சுற்றவைக்க வேண்டும். அதன் முனை உடைந்து, தூசியும் கிரீஸுமாக மூடிக்குள் கிடந்தது. அவ்வளவுதான் பழுது. நூறு ரூபாய்கூடப் பெறாத சாமான்.

இது தேயும், உடையும் என்று செய்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதானே புத்தகத்தில் படம் போட்டு, அதற்குத் தனியாக ஒரு பார்ட் நம்பரும் கொடுத்திருக்கிறார்கள். அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டால் ஊட்டியில் இல்லை, குன்னூரில் இல்லை, மேட்டுப்பாளையத்திலும் இல்லை. ‘அது தனியா வராது சார், ஃபுல் அசெம்பிளியா வாங்கிக்கங்க’ என்கிறார் டீலர். சரி, அசெம்பிளியாவது கொடுங்கள் என்றால் அதுவும் ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட வேண்டுமாம். எப்போது வரும் என்றால், ‘சொல்ல முடியாதுங்க, மேலிருந்து வரணும்.’ நாங்கள் ஆறாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் ஐயா, எங்களுக்கும் மேலே யார் இருக்கிறார்கள்?

டோல் ஃப்ரீ நம்பருக்குப் போட்டேன். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொல்கிறது, அழுத்தினால் ஹிந்தியில் ஒருவர் வருகிறார். அவரிடம் என் ஹிந்தியும் என்னிடம் அவர் ஆங்கிலமும் முட்டிமோதி, கடைசியில் ஒரு புகார் எண் கிடைத்தது. மறுநாளே எஸ்எம்எஸ்: ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.’ மெஷின் அப்போதும் என் வீட்டுத் திண்ணையில்தான் வாய் பிளந்து கிடந்தது. கூடவே, சேவை எப்படி இருந்தது, ஐந்து ஸ்டாருக்கு எத்தனை தருவீர்கள் என்று ஒரு லிங்க். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது இதுதான்.

அப்புறம் விசாரணை. பெட்ரோலில் என்ன ஆயில் கலந்தீர்கள்? எவ்வளவு கலந்தீர்கள்? எந்த பங்க்கில் போட்டீர்கள்? டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 2டி ஆயில் எவ்வளவு முக்கியம் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எங்கள் ஊர்ப் பையன்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். கலவை தப்பினால் பிஸ்டன் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். பிளாஸ்டிக் கொக்கி உடைந்ததற்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்? முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தேடி அவர்களே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வாரண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தானாம், தொழிலுக்குப் பயன்படுத்தினால் செல்லாதாம். பொடி எழுத்தில் பின்பக்கம் இருக்கிறது, நீங்கள் படிக்கவில்லை என்று எனக்கே பாடம் வேறு. நான் கேட்கிறேன், கவாத்து மெஷினை வீட்டு உபயோகத்துக்கு எவன் வாங்குவான்? முன்வாசல் துளசிச் செடியைக் கவாத்து அடிக்கவா? டெமோவுக்கு வந்தபோது எங்கள் வீட்டு ஹாலிலா ஓட்டிக் காட்டினீர்கள்? தேயிலைக்குள் இறங்கித்தானே ஓட்டினீர்கள்!

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிடுகிறேன், நம்மில் பலருக்குத் தெரியாது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருப்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகத் தானே பயன்படுத்த வாங்கியிருந்தால் அது வியாபார நோக்கம் ஆகாது என்றும் அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன், தச்சு வேலை செய்பவன், மரம் அறுப்பவன் எல்லாம் இதில் வருவான். இன்னொன்று, கம்பெனி மும்பையில் இருக்கிறது, டெல்லியில் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். நீலகிரிக்காரனுக்கு ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். நானும் அந்த வேலையில்தான் இறங்கியிருக்கிறேன், நூறு ரூபாய்க் கொக்கிக்காக.

கோயமுத்தூருக்கே கொண்டுபோகலாமே என்று சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்ரோல் வாசம் வீசுகிற மெஷினோடு ஒருமுறை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். டேங்கைக் கவிழ்த்துச் சொட்டு விடாமல் வடித்து, துணியால் துடைத்து, சாக்கில் கட்டி எடுத்துப் போனாலும் கண்டக்டர் மூக்கைச் சுளிப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பஸ்ஸில் பெட்ரோல் ஏற்றக்கூடாது. கெஞ்சிக் கூத்தாடி, லக்கேஜ் டிக்கெட் எடுத்து, கடைசி சீட்டுக்கடியில் திணித்து, குஞ்சப்பனை வளைவுகளில் அது உருளாமல் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வேறு பஸ். கோவையில் இறங்கி ஆட்டோ. போய் நின்றால், ‘வெச்சிட்டுப் போங்க, போன் பண்றோம்.’ திரும்ப எடுக்க இதே பயணம் இன்னொரு தரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் இல்லை.

சரி, அப்படிப் போய் ரிப்பேர் செய்து வந்தாலாவது நிம்மதியா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் மெஷினைக் கீழே அனுப்பி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டரைச் சர்வீஸ் செய்து வாங்கி வந்தார். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், நாங்கள் 1,800 மீட்டருக்குக் கிட்ட. மேலே வர வர காற்று மெலிசாகிறது. கீழே இருக்கிற காற்றுக்குச் சரியாக வைத்த கார்புரேட்டர் ஊசி, இங்கே வந்தால் காற்றுக்கு மிஞ்சின பெட்ரோலைக் குடிக்கவிடும். புகை கக்கும், திணறும், பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கிடக்கும். மலைக்குப் போகிற மெஷினா, தரைக்குப் போகிற மெஷினா என்று கேட்டு ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பி அனுப்பினால் தீர்ந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. மலை முழுக்க மெஷின் விற்கிறவர்களுக்கு, மலையில் காற்று எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை.

டிவி ரிப்பேர் ஆனால் சீரியல் போகும், அவ்வளவுதான். கைக்கருவி நின்றால் அன்றைய பிழைப்பு நிற்கிறது. கவாத்துக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. பேசி வரவழைத்த ஆட்களைக் காலையில் டீ குடிக்க வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, அரை நாள் கூலியும் கொடுத்து. கொடுக்காவிட்டால் அடுத்த தடவை வருவார்களா? கவாத்து அடித்த செடி மறுபடி கொழுந்து கொடுக்க மாதக்கணக்கில் ஆகும். இன்றைக்குத் தள்ளிப்போகிற வேலை, அந்தக் கொழுந்தையும் வருமானத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில் இந்த நஷ்டத்தையும் சுமந்தால் விளங்கினாற்போலத்தான்.

இதே ஊரில் இன்னொரு கம்பெனியின் டீலர் ஒருவர் இருக்கிறார். பெரிய கடை ஒன்றும் இல்லை, ஒரு ஷட்டர், ஒரு பெஞ்சு, சுவர் முழுக்கப் பழைய பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சாமான், மேலே மார்க்கரில் மாடல் எழுதியிருக்கும். கொக்கி, ஸ்பிரிங், பிளக், ஃபியூயல் டியூப், பெட்ரோலை ஏற்ற அழுத்துகிற ரப்பர் பல்பு, எல்லாம். உடனே செய்ய முடியாத வேலை என்றால், தேய்ந்துபோன ஒரு பழைய மெஷினை எடுத்துக் கொடுத்து, ‘இதை வெச்சு ஓட்டுங்கண்ணா, உங்களுது ரெடியானதும் மாத்திக்கலாம்’ என்பார். வாடகை கிடையாது. அந்த மெஷின் பார்க்கச் சகிக்காது, பெயின்ட் எல்லாம் போயிருக்கும், ஆனால் முதல் இழுப்பிலேயே கிளம்பும். எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் கிராமத்தில், இப்போது யார் வீட்டுக் கொட்டகையைத் திறந்தாலும் அந்தக் கம்பெனி மெஷின்தான். அதன் விலை ஒரு மடங்கு கூடத்தான். யாரும் பேரம் பேசுவதில்லை. எத்தனை சிசி, எத்தனை ஹெச்பி என்றும் கேட்பதில்லை. ‘ரிப்பேர்னா யார் பாப்பாங்க?’ என்பதுதான் இங்கே முதல் கேள்வி, அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் பணம் வெளியே வரும்.

கம்பெனிக்காரர்களுக்கு இது புதிய ஞானமும் இல்லை. அமெரிக்காவில் சியர்ஸ் என்று ஒரு கடை இருந்தது. 1927-இல் கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் கருவிகள் விற்க ஆரம்பித்தார்கள். ஸ்பேனர் உடைந்தால் கொண்டுபோய்க் கொடு, பில் வேண்டாம், புதிது வாங்கிக்கொள் என்பதுதான் அவர்கள் கைக்கருவிகளுக்குக் கொடுத்த ஆயுள் உத்தரவாதம். அப்பன் வாங்கினதை மகன் வாங்கினான், பேரன் வாங்கினான். பின்னால் சியர்ஸ் நொடித்துப்போனது, 2018-இல் மஞ்சள் கடுதாசியே கொடுத்தது. ஆனால் அதற்கு முந்தின வருடம் அந்தக் கிராஃப்ட்ஸ்மேன் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற கருவிக் கம்பெனி ஏறத்தாழ 90 கோடி டாலருக்குப் பேசி வாங்கியது. கடை மூழ்கிக்கொண்டிருக்கும்போதே பெயருக்கு இந்த விலை. உடைந்த ஸ்பேனரை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்துச் சேர்த்த பெயர் அது. அங்கேயே ஸ்னாப்-ஆன் என்ற கருவிக் கம்பெனியின் வேன்கள் ஒர்க்ஷாப் ஒர்க்ஷாப்பாகத் தேடிப் போய் மெக்கானிக்கின் வாசலில் நிற்கின்றன. இங்கேயும் வேன் வருகிறது, தொப்பி கொடுக்க.

நாங்கள் ஆயுள் உத்தரவாதம் எல்லாம் கேட்கவில்லை. கிரிக்கெட் மேட்சுக்கு நடுவே காட்டுகிற விளம்பரத்தில் பத்து செகண்டுக்கு ஆகிற காசில் நீலகிரி முழுக்க ஒவ்வொரு டீலரிடமும் ஒரு பெட்டி ஸ்பேர் பார்ட்ஸ் வைக்கலாம். கோத்தகிரியில் ஒன்று, குன்னூரில் ஒன்று, ஊட்டியில் ஒன்று, கூடலூரில் ஒன்று. ஊர்ப் பையன்கள் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம். விவசாயக் கருவிகள், செல்போன் எல்லாவற்றையும் நாமே ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமையைப் பற்றி யோசிக்க 2022-இல் மத்திய அரசே ஒரு குழு போட்டது. நீங்களோ நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்ததற்கே ‘ஓப்பன் பண்ணிட்டீங்க, வாரண்டி போச்சு’ என்று மிரட்டுகிறீர்கள். என் காசு போட்டு வாங்கிய மெஷினின் மூடியைத் திறக்க உங்களிடம் மனுப்போட வேண்டுமா?

நேற்று அதே கம்பெனியிலிருந்து போன் வந்தது. புகார் விஷயமாகத்தான் இருக்கும் என்று ஆவலாக எடுத்தேன். புது மாடல் வந்திருக்கிறதாம், பழைய வாடிக்கையாளர் என்பதால் எனக்குச் சிறப்புத் தள்ளுபடியாம். ‘வாங்கிக்கறேன் தம்பி. ஸ்டார்ட்டர் கொக்கி உடைஞ்சா கோத்தகிரியில எந்தக் கடையில கிடைக்கும், அதை மட்டும் சொல்லு’ என்றேன். கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்: ‘அது சர்வீஸ் டிபார்ட்மென்ட் சார். நான் சேல்ஸ்.’