சந்தா கட்டுவதற்கு முன்னால்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "ஏரோப்ளேன் ஓட்டுற ஆளுக்குக் காசா பஞ்சம்?" டயர் கடை வருமானத்தில் மிச்சம் பிடித்து, ஈப்போவில் செஸ்னா 172-ஐ மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, மாதம் இரண்டு மணி நேரம் பறக்கிற ஆள் நான். அப்பா செம்பனைக் குலை வெட்டிய தோட்டத்துக்கு மேலே போகும்போது மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை.

போன வாரம் நம்மூர்த் தம்பி ஒருவன் தனியார் விமானி உரிமம் எடுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணே, பயணத் திட்டம் போட எந்த ஆப்புக்குச் சந்தா கட்டலாம்? யூடியூப்ல எல்லாரும் ஃபோர்ஃபிளைட்தான் சொல்றாங்க."

தம்பி, பேசுகிறவர் எந்த ஊரில் பறக்கிறார் என்று முதலில் பார். நானும் இப்படித்தான் மயங்கி, ஓர் அமெரிக்கச் செயலிக்கு (பெயர் வேண்டாம்) இருப்பதிலேயே உயர்ந்த சந்தாவை ஒரு வருடத்துக்குக் கட்டினேன். டாலரில். அமெரிக்காவில் சின்னக் கருவி ஒன்றை விமானத்தில் வைத்தால், தரையிலிருந்து மழை ரேடார் படம் இலவசமாக வந்துகொண்டே இருக்கும். அது அந்த நாட்டு ஒலிபரப்பு. தைப்பிங் மழையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இப்படிப் பல வசதிகள் வருடம் முழுக்கச் சும்மா கிடந்தன. வாங்குமுன் கேட்காதது என் தப்பு.

நாம் காசு கொடுப்பது புதுத் தகவலுக்கு. வானொலி அலைவரிசை, வான்பரப்பு எல்லை போன்றவை உலகம் முழுக்க 28 நாள் சுழற்சியில் புதுப்பிக்கப்படுகின்றன. நம் நாட்டுக்கு மூலம், மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் வெளியிடும் ஏஐபி என்கிற விமானத் தகவல் தொகுப்பு. செயலியில் ஈப்போவைத் திறந்து, அலைவரிசையும் ஓடுபாதை நீளமும் ஏஐபியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் சித்தியவான், லங்காவி. பெரும்பாலான செயலிகள் கொஞ்ச நாள் இலவசமாகப் பார்க்க விடுகின்றன; அந்த நாட்களை இதற்கே செலவழியுங்கள். ஃபோர்ஃபிளைட் ஐபேட், ஐஃபோனுக்கு உரியது. கார்மின் பைலட் ஆண்ட்ராய்டிலும் ஓடும். ஸ்கைடெமன் பிரிட்டனில் பிறந்தது, ஓஸ்ரன்வேஸ் ஆஸ்திரேலியாவில். எந்தச் செயலிக்கும் சொந்த வீட்டு வரைபடம்தான் மனப்பாடம்.

விலை கூடிய வசதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: போகும் பாதையில் மலை எவ்வளவு உயரம் என்று பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் படம். கோர்பு மலை 2,183 மீட்டர், ஏழாயிரம் அடிக்கு மேல். மத்தியானம் மேகம் ஏறினால் ஆளையே காணோம். தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே போகிறவர் அந்தப் படத்துக்குக் காசு கொடுக்கட்டும். என்னைப் போலப் பினாங்கு, லங்காவி என்று மேற்குப் பக்கமே சுற்றுகிறவர்கள், சந்தாவைப் பறக்கும் மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 1,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், என் 24 மணி நேரத்துக்கு மணிக்கு 40 வெள்ளிக்கு மேல் வருகிறது. அடுத்த முறை கீழ்வகைச் சந்தாதான் கட்டினேன்.

எதைக் கட்டினாலும் காகிதத்தை விடாதீர்கள். பினாங்கு ஈப்போவிலிருந்து சுமார் 65 கடல் மைல். ஒருமுறை தைப்பிங்கைத் தாண்டியதும், கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் டேப்லெட் கொதித்து, ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு இருண்டுபோனது. 2,500 அடி. தொடையில் கட்டியிருந்த தாளில் பென்சிலால் எழுதிய திசையும் நிமிடமும்தான் மிச்சம். தோட்டத்துக் கிராணி செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) எழுதுவதுபோல நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டே போனேன். டேப்லெட்டைக் காற்று வரும் துவாரத்துக்கு நேரே பிடித்தபிறகு, பத்து நிமிடத்தில் அதற்கு உயிர் வந்தது.

தம்பிக்கு அன்றைக்கே ஒன்றை மட்டும் அனுப்பினேன்: "ஐபேட் வாங்கினா சிம் போடுற வகையா வாங்கு. வைஃபை மட்டும் உள்ளதுல ஜிபிஎஸ் கிடையாது, தனியா ஒரு கருவி வாங்கி இணைக்கணும்." கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம் ஒரு படம் வந்தது. பிரித்த பெட்டி, பக்கத்தில் ரசீது.

"அண்ணே, நேத்துதான் வாங்கினேன். மாத்திக் கொடுப்பாங்களா?"