அஞ்சு வருஷமாம்!

அந்த வீடியோ இந்நேரம் எல்லார் போனுக்கும் வந்திருக்கும். கும்பாபிஷேகத்துக்கு வந்த சிங்கப்பூர் அண்ணன், பந்தி முடிந்த கையோடு மைக்கைப் பிடித்து, "பெட்ரோல், டீசல் கார் எல்லாத்தையும் அஞ்சு வருஷத்துல நிப்பாட்டணும், கவர்மென்ட்டுக்குத் தைரியம் இல்லை" என்றாரே, அதுதான். பலத்த கைதட்டல். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து அவர் வந்து இறங்கியது டீசல் இன்னோவாவில். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"அவசரப்பட்டால் அடி டிரைவருக்குத்தான்" என்று ஒரு வரி போட்டேன். உடனே பதில்: "ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் வேறென்ன சொல்வான்?"

ஆமாங்க, காரைக்குடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைதான். கிளட்ச் பிளேட், ஆயில் ஃபில்டர், இன்ஜெக்டர், ஸ்பார்க் பிளக், சைலன்சர். பேட்டரி காரில் இதில் ஒன்றுக்கும் வேலை இல்லை. தெரிந்துதான் பேசுகிறேன். வயிற்றில் அடி விழப்போகிறவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும், விழாதவர் மைக் பிடிக்கலாம் என்றால் என்ன நியாயம்?

மின்சாரக் கார் வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பவும் சொல்கிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசரம் வேண்டாம் என்கிறேன். அண்ணன் குடியிருக்கும் சிங்கப்பூரே 2040-க்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளை ஒழிப்போம் என்று 2020-லேயே அறிவித்தது. இருபது வருடத் தவணை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கும் ஊருக்கு இருபது வருடம், நமக்கு அஞ்சு! டெல்லியில் 2025 ஜூலை 1 முதல் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும், பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் பங்க்கில் எண்ணெய் கிடையாது என்றார்கள். கிளம்பிய கூச்சலில் ஒரே வாரத்தில் தள்ளிவைத்தார்கள்.

என் கடைக்கு வரும் டிரைவர் தம்பி ஒருவர் செகண்ட் ஹேண்டில் டீசல் டிசையர் எடுத்திருக்கிறார், ஃபைனான்ஸில். கானாடுகாத்தான் பங்களாக்களைப் பார்க்க வருகிறவர்களை மதுரை ஏர்போர்ட்டில் ஏற்றி வருவார். தடை அஞ்சு வருடம் கழித்துத்தான் வரும். ஆனால் அறிவித்த மறுநாளே அந்த வண்டியின் மார்க்கெட் விலை விழுந்துவிடும். டியூ விழாது. ஃபைனான்ஸ்காரர் பூமி சூடாவதைப் பற்றிக் கேட்க மாட்டார்.

அப்பா அம்பாசடர் மெக்கானிக். கார்புரேட்டர் சத்தத்தைக் காதால் கேட்டே டியூன் பண்ணுவார். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்தபோது மிரண்டுதான் போனார். ஆனால் பழைய வண்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன, புதுசு மெல்ல மெல்லத்தான் வந்தது. அந்த இடைவெளியில் மதுரைக்குப் போய், தன்னைவிடச் சின்னப் பையன்களிடம் நின்று கற்றுக்கொண்டு வந்தார். அவகாசம் கொடுத்தால் எங்கள் ஆட்கள் கற்றுக்கொள்வார்கள் சார். நாங்கள் ஒன்றும் மக்கு இல்லை.

"புகையில் பிள்ளைகளுக்கு இழுப்பு வருகிறதே?" வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டுக் கரண்டில் பெரும்பங்கு இன்றைக்கும் நிலக்கரியில்தான் வருகிறது, அதையும் மைக்கில் சொல்லுங்கள். "நார்வே செய்யவில்லையா?" செய்தது. 1990-களிலிருந்தே வரிச்சலுகை கொடுத்துச் செய்தது. எண்ணெயும் எரிவாயுவும் ஊருக்கெல்லாம் விற்ற காசு கையில் இருக்கிற நாடு. நம்ம புதுவயல் ரைஸ் மில் லோடுமேனோடு நார்வேக்காரனை ஒப்பிடாதீர்கள்.

பேட்டரி பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கவும் வேண்டாம். பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கே காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். ஊருக்குச் செய்வதென்றால் அது. வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, கும்பாபிஷேகத்துக்கு வந்து இறங்கி, அறிவுரை சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டு பிளேன் ஏறுவது வேறு. அண்ணன் நாலு மெக்கானிக் பையன்களைப் பேட்டரி வண்டி வேலை படிக்க அனுப்பட்டும், நானே மாலை வாங்கிப் போடுகிறேன்.

கமென்ட்டில் சண்டைக்கு வருகிறவர்கள், முதலில் உங்கள் வண்டி ஆர்.சி.யில் 'எரிபொருள்' என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.