‘இன்னொரு வாட்டி’க்கு அதில் பட்டன் இல்லை

499 ரூபாய். அந்தக் காசுக்கு ஆம்பூரில் வண்டியை நிறுத்தி வீட்டோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டு, “கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம் வைங்க” என்று உரிமையோடு கேட்டு வாங்கியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? தீம் பார்க்கில் எந்த ரைடுக்கு எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு என்று திட்டம் போட்டுத் தரும் செயலி ஒன்றை வாங்கினேன். அதுவும் சும்மா இல்லை, ‘சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கான பேக்’. வாங்கிய கையை என்ன செய்யலாம் என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரிசை எனக்குப் புதிதில்லை. ஸ்ரீபுரம் பொற்கோயிலின் நட்சத்திரப் பாதை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வரும். அதைச் சின்னவனைத் தோளில் வைத்துக்கொண்டே இரண்டு முறை சுற்றியவன் நான். அக்னி நட்சத்திர வெயிலில் ரேஷன் கடை வாசலில் பையைப் போட்டு இடம் பிடித்தவன். அப்படிப்பட்டவனுக்கு வரிசையைத் தவிர்க்கச் செயலி எதற்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் வீட்டுக்காரியும் அதையேதான் கேட்டாள்.

யோசனை அவள் தம்பியுடையது. அவன் ஃபுளோரிடாவில் இருக்கிறான். “மாமா, இங்க பிளான் இல்லாம பார்க்குக்குப் போறவன் பாவம், நாள் முழுக்கக் கம்பியைப் புடிச்சிக்கினு நிப்பான்” என்றான். அவன் சொன்னது அந்த ஊருக்குச் சரிதான். அங்கே டிஸ்னி பார்க்குகளுக்கென்றே ரைட்மேக்ஸ், டூரிங் பிளான்ஸ் என்று இப்படித் திட்டம் போட்டுத் தரும் ஏற்பாடுகள் வந்தன. 1999-இல் டிஸ்னி ஃபாஸ்ட்பாஸ் என்று ஒரு இலவசச் சீட்டைக் கொண்டுவந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு வேறு எங்காவது போய்விட்டு, அதில் அச்சிட்ட நேரத்துக்குத் திரும்பி வந்தால் தனி வரிசையில் விடுவார்கள். 2021-இல் அதைத் தூக்கிவிட்டுக் காசு கட்டுகிற முறைக்கு மாறினார்கள். எந்தச் சீட்டை எப்போது எடுப்பது, கதவு திறந்ததும் எந்தப் பக்கம் முதலில் ஓடுவது என்பதே ஒரு தனி வித்தையாகிவிட்ட ஊர் அது. அங்கே மென்பொருளுக்கு வேலை இருக்கிறது.

இங்கே? காலாண்டு விடுமுறை. மகளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்றரை. மகளின் வகுப்புத் தோழி போய்விட்டு வந்து கதை சொன்னதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. வேலூர் சத்துவாச்சாரியில் விடியற்காலை வண்டி எடுத்து, வாலாஜா டோல், ஸ்ரீபெரும்புதூர் டோல் என்று வரிசையாகக் காசைக் கொட்டிக்கொண்டு, சென்னைப் பக்கம் இருக்கும் அந்தப் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவும் கூட வந்தார். பெயர் வேண்டாம், எந்தப் பார்க்காக இருந்தாலும் இதே கூத்துதான் நடந்திருக்கும்.

அந்தச் செயலிக்குள் நடப்பது என்ன என்று முந்தின ராத்திரி உட்கார்ந்து படித்தேன் (படித்ததுதான் தப்பு, நம்பிக்கை வந்துவிட்டது). பத்து ரைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை முதலில், எதை அடுத்து என்று வரிசை மாற்றி மாற்றிப் போட்டால் 36,28,800 விதமாகப் போகலாம். ஒவ்வொரு விதத்துக்கும் நடக்கிற தூரம் இவ்வளவு, அந்தந்த மணிக்கு அங்கே காத்திருக்கும் நேரம் இவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, குறைந்த நேரத்தில் முடிகிற ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஊர் ஊராகப் போகிற விற்பனையாளர் எந்த வழியில் சுற்றினால் தூரம் குறையும் என்று கணிதக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் அதே கணக்கு. இதில் கூடுதல் தலைவலி, ஒவ்வொரு இடத்திலும் காத்திருக்கும் நேரம் மணிக்கு மணி மாறும். நல்ல மூளை வேலைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கணக்கில் விற்பனையாளருக்கு ஒன்றுக்கு வராது. செருப்பு அறுந்து போகாது. வழியில் ஒரு குழாயைப் பார்த்ததும் உலகமே நின்றுபோகாது.

‘சின்னக் குழந்தைகள் உண்டா?’ என்று ஒரு கட்டம் கேட்டது. டிக் அடித்தேன். அதற்கு அது செய்தது ஒன்றே ஒன்று: உயரம் போதாத ரைடுகளைப் பட்டியலிலிருந்து தூக்கியது. அவ்வளவுதான் குழந்தை. குழந்தை என்றால் உயரம் குறைந்த பெரிய மனிதன் என்று எவனோ எழுதி வைத்திருக்கிறான். ‘நடை வேகம்: மெதுவாக, நடுத்தரம், வேகமாக’ என்று இன்னொரு கேள்வி. மூன்றரை வயதுப் பிள்ளையின் நடை வேகம் என்ன? ஓடும், நிற்கும், திரும்பி ஓடும், தரையில் உட்காரும். அதற்கு எதை அமுக்குவது?

11.00 குதிரை ராட்டினம். 11.18 குட்டி ரயில். 11.41 டீக்கோப்பை. இப்படிப் போட்டிருந்தது. உள்ளே நுழைந்த இருபதாவது அடியில் சின்னவன் தோட்டத்துக் குழாயைப் பார்த்துவிட்டான். சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு குழி, அதைச் சுற்றி எறும்பு. 1,000 ரூபாய்க்கு மேல் டிக்கெட் எடுத்து உள்ளே வந்திருக்கிறோம், இவன் குத்தவைத்து உட்கார்ந்து எறும்புக்குப் பாலம் கட்டுகிறான். போன் ஒரு முறை அதிர்ந்தது: ‘நீங்கள் 11 நிமிடம் பின்தங்கியுள்ளீர்கள்.’ பின்தங்கி! பள்ளிக்கூடத்தில் கேட்டது போதாதா? தூக்கிக்கொண்டு ஓடினேன். அவன் அலறிய அலறலுக்குப் பாதுகாவலர் வந்து, “பிள்ளை உங்களுதா சார்?” என்று கேட்டார்.

அடுத்ததுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம். பின்தங்கினால் செயலி திட்டத்தைத் தானாகவே மாற்றிக்கொள்கிறது. மென்பொருளுக்கு அது பெருமை. குதிரை ராட்டினத்தில் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டதாம், அதனால் அதை மாலை 4.40-க்குத் தள்ளிவிட்டது. சரிதான், கணக்குப்படி சரிதான். ஆனால் என் மகளிடம் முந்தின ராத்திரியே “முதல்ல குதிரைதான்” என்று சொல்லிவிட்டேனே? தூங்கும்போது அந்த வெள்ளைக் குதிரையைத்தான் நினைத்துக்கொண்டு தூங்கியிருப்பாள். “இல்ல கண்ணு, இப்ப ரயிலுக்குப் போயிட்டு அப்புறம்...” என்று ஆரம்பித்தேன். உதடு பிதுங்கியது. ஆறு வயதுப் பிள்ளையிடம் ‘அப்புறம்’ என்றால் ‘இல்லை’ என்று அர்த்தம். அது அந்தச் செயலியை எழுதியவனைத் தவிர உலகத்துக்கே தெரியும். பதினெட்டு நிமிடம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது அது. அழுகையை நிறுத்த எனக்கு ஆனது அரை மணி நேரமும் 90 ரூபாய் ஐஸ்கிரீமும்.

ஒருவழியாகக் குட்டி ரயிலில் ஏற்றினோம். சின்னவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இறங்கியதும் சொன்னான்: “இன்னொரு வாட்டி.”

செயலியில் தேடினேன். ‘இன்னொரு வாட்டி’க்கு அதில் பட்டன் இல்லை. ஒரு ரைடில் ஏறி இறங்கினால் பச்சை டிக், முடிந்தது கதை. பத்து ரைடையும் தலா ஒரு முறை முடிப்பதுதான் அதற்கு வெற்றி. சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாள் இருந்தவருக்குத் தெரியும், அவர்களுக்குப் பத்து வேண்டாம், ஒன்றே பத்து முறை வேண்டும். ராத்திரி சொன்ன கதையையே மறுநாளும் ஒரு வார்த்தை மாறாமல் கேட்கிற ஜாதி அது. மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் கையால் சுற்றும் ராட்டினம் போடுவார்கள். அந்த ராட்டினக்காரருக்குத் தெரிந்த விஷயம் இது. பிள்ளை இறங்க மாட்டேன் என்றால், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால், “இருக்கட்டும்பா” என்று இன்னும் நாலு சுற்று சுற்றிவிடுவார். கூட்டம் இருந்தால் காதைத் திருகி இறக்கிவிடுவார், அது வேறு.

அம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையில் போனும் முகத்தில் வியர்வையுமாக வந்ததும், “இன்னாடா, கல்யாண வூட்ல பந்தி விசாரிக்கிறவன் மாரி ஓடிகினே கீற? நீ எதுலனா ஏறனியா?” என்றார். ஏறவில்லை. அதுவரை நான் ஒன்றிலும் ஏறவில்லை.

அதற்கும் ஒரு கதை உண்டு. மச்சான் சொல்லியிருந்தான்: அங்கே ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு வசதி. அம்மாவோ அப்பாவோ ஒருவர் பெரிய ரைடில் ஏறுவார், மற்றவர் குழந்தையோடு வெளியே இருப்பார், பிறகு முழு வரிசையிலும் மறுபடி நிற்காமல் ஆள் மாறிக்கொள்ளலாம். செயலியும் அதை நம்பி ‘பெற்றோர் மாற்று: 12.30’ என்று எனக்கு எழுதிக் கொடுத்திருந்தது. ரைடு வாசலில் நின்ற தம்பியிடம் கேட்டேன். “அப்படியெல்லாம் இல்ல சார், லைன்ல வாங்க” என்றான். அவன் மேல் கோபமில்லை, அவன் வேலையை அவன் பார்க்கிறான். இல்லாத வசதிக்கு நேரம் குறித்துக் கொடுத்தவன் மேல்தான் கோபம். ஃபுளோரிடாவின் சட்டையை வெட்டித் தைக்காமல் அப்படியே எனக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் பறக்கும் யானை ரைடுக்கு, 2012-இல் அதைப் பெரிதாக்கியபோது, காத்திருக்கும் இடத்திலேயே பிள்ளைகள் விளையாட ஒரு கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளை சறுக்குமரத்தில் சறுக்கிக்கொண்டிருக்கும், முறை வந்தால் கூப்பிடுவார்கள். வரிசை வலிப்பது ஏன் என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். இங்கே வரிசையில் இருந்தது இரும்புக் கம்பி. மகள் அதில் தலைகீழாகத் தொங்கினாள், அதுவும் ஒரு ரைடுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் நேரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடித்தேன். டீக்கோப்பை வாசலில் நின்றபோது ‘இங்கே எவ்வளவு நேரம்?’ என்று செயலி கேட்டது. குத்துமதிப்பாக 25 என்று தட்டினேன். இரண்டு நிமிடத்தில் செய்தி வந்தது: ‘சக பயணி தந்த தகவலின்படி டீக்கோப்பைக்கு 25 நிமிடம்.’ அந்தச் சக பயணி நான்தான்! 499 ரூபாய் கொடுத்து என்னிடமிருந்தே தகவல் வாங்கியிருக்கிறேன். கோயிலுக்கு வெளியே நம் செருப்பை நமக்கே விற்ற மாதிரி.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது. மலை இருக்கும், மரம் இருக்காது. கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டார். கோயில் இருக்கும், சாமி இருக்காது. சாமியாவது 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். இந்தச் செயலியில் திட்டம் இருக்கிறது, உணவு நேரம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, கழிவறை மட்டும் இல்லை. “அப்பா, அவசரம்” என்று மகள் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறாள், வரைபடத்தில் கிஃப்ட் கடை நாலு தெரிகிறது.

மதியம் 2.15-க்குச் சின்னவன் தோளிலேயே தூங்கிப்போனான். செயலியில் ‘மதிய ஓய்வு’ என்று ஒன்று இருந்தது, அதை நான் 1.30-க்கு வைத்திருந்தேன். 1.30-க்கு அவன் தூங்குவேனா என்று ஆடிக்கொண்டிருந்தான். இப்போது தூங்குகிறான், இப்போது அது ‘நடை வேகத்தைச் சற்றுக் கூட்டவும்’ என்கிறது. பதினாலு கிலோ பிள்ளை. நான் வேகத்தைக் கூட்ட வேண்டுமாம்.

“உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை” என்று யாராவது வருவீர்கள், தெரியும். பிள்ளை இல்லாத நாலு பசங்க போனால் இது அருமையாக வேலை செய்யும், மறுக்கவில்லை. அப்படியென்றால் அவர்களுக்கு விற்க வேண்டியதுதானே? சின்னக் குழந்தைப் படத்தை முகப்பில் போட்டு எனக்கு ஏன் விற்றாய்? பயிற்சி எனக்குத் தேவையாம்! ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோட்டைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவரும் எந்தத் தகப்பனையும் கேட்டுப் பாருங்கள், பயிற்சி யாருக்குத் தேவை என்று சொல்வான்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு உறைத்தது மகள் கேட்ட ஒரு கேள்விதான். டீக்கோப்பையிலிருந்து இறங்கி, தலை சுற்றச் சிரித்துக்கொண்டே வந்தவள் என் கையைப் பிடித்து, “அப்பா, போன் இன்னா சொல்லுது?” என்றாள். ‘அடுத்து எங்கப்பா போலாம்?’ என்று கேட்டிருக்க வேண்டிய பிள்ளை. என் வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் போனை வாங்கித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அதற்குப் பிறகு குட்டி ரயிலில் ஐந்து முறை போனோம். எனக்கும் அதில் இடம் கிடைத்தது, முட்டிதான் மூக்கில் இடித்தது.

திரும்பும்போது காவேரிப்பாக்கம் தாண்டியதும் பையிலிருந்து டிங் என்று ஒரு சத்தம். ‘இன்றைய திட்டத்தில் 40 சதவீதம் முடித்துள்ளீர்கள்.’ மார்க் போடுகிறான்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த 499 மாதா மாதம் தானாகவே பிடித்துக்கொள்ளும் சந்தாவாம். நேற்றுதான் பார்த்தேன். சின்னக் குழந்தைகள் உள்ள எந்தக் குடும்பம் மாதா மாதம் தீம் பார்க்குக்குப் போகிறது? ரத்து செய்யும் பட்டன் எங்கும் இல்லை, உதவி மையத்தில் சாட் செய்யச் சொல்கிறது. போனேன். நாற்பது நிமிடமாகத் திரையில் ஒரே வரி அசையாமல் நிற்கிறது: ‘உங்களுக்கு முன் 14 பேர் வரிசையில் உள்ளனர்.’ நின்றுகொண்டிருக்கிறேன்.