பேச்சிலர் பாட்டிகள்

(குன்னூரில் ஒரு வாடகை வீடு. ஏப்ரல் முதல் வாரம். பத்மாவுக்கு வயது 61, தையல் வேலை செய்யும் ஸ்டெல்லாவுக்கு 54. இருவரும் சொந்தக்காரர்கள் கிடையாது. வாடகையில் ஆளுக்குப் பாதி.)

ஸ்டெல்லா: அக்கா, ஓனர் வந்தார். மாதக் கடைசியில் காலி பண்ணணுமாம்.

பத்மா: ஏன், மகனுக்குக் கல்யாணமா?

ஸ்டெல்லா: அது முந்தைய வீட்டு ஓனர் சொன்ன காரணம். இவர் ஹோம்ஸ்டே ஆக்கப் போகிறார். நாம் மாதம் முழுக்கத் தரும் எட்டாயிரத்தை மே மாத மலர்க்காட்சி சமயத்தில் இரண்டே நாளில் எடுத்துவிடுவாராம்.

பத்மா: சும்மா விரட்ட முடியாது. 2017-ல் போட்ட வாடகைச் சட்டம், 2019-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியணும்.

ஸ்டெல்லா: நம்ம ஒப்பந்தம் எங்கே?

பத்மா: எங்கே எழுதினோம்? “உங்களை என் அக்கா மாதிரி நினைக்கிறேன்” என்றாரே.

ஸ்டெல்லா: சொந்த அக்காவோடு கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவர் அக்கா அவர்!

பத்மா: சரி, புரோக்கர் என்ன சொன்னார்?

ஸ்டெல்லா: “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்றார். நாங்கள் இரண்டு பெண்கள் என்றேன். “பேச்சிலருக்குத் தர மாட்டாங்கம்மா.”

பத்மா: எனக்கு 61 வயசுடி!

ஸ்டெல்லா: அதையும் சொன்னேன். “அப்போ இன்னும் கஷ்டம். ராத்திரி ஏதாவது ஆயிட்டா ஓனர் யாரைக் கூப்பிடுவார்?” என்கிறார்.

பத்மா: பேச்சிலர் என்றால் ஆட்டம் போடுவோம்னு பயம், வயசானவர் என்றால் ஆட்டம் முடிஞ்சிடும்னு பயம்!

ஸ்டெல்லா: அக்கா தங்கை என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆதாரைக் கேட்டு வாங்கினார். பத்மாவதி, ஸ்டெல்லா மேரி. “உங்க அப்பா ரொம்ப முற்போக்கு போல” என்றார்.

பத்மா: பேசாமல் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிடுவோமா?

ஸ்டெல்லா: அந்த வெயிலிலா? அப்புறம் மேலே வர இ-பாஸ் வேறு எடுக்கணும்.

பத்மா: அது கார்க்காரர்களுக்கு. அரசு பஸ்ஸில் வருகிறவளை யார் கேட்கப் போகிறார்கள்?

ஸ்டெல்லா: இதைப் பாருங்க, போனில் ஓனர் விளம்பரமே போட்டுவிட்டார். “பனி தவழும் பிரிட்டிஷ் கால இல்லம்.”

பத்மா: பனியா? பீரோவுக்குப் பின்னால் இருப்பது பூஞ்சை. நீதானே போன வாரம் பினாயில் போட்டுத் துடைத்தாய்?

ஸ்டெல்லா: “பள்ளத்தாக்குக் காட்சி.”

பத்மா: பாத்ரூமில் ஸ்டூல் போட்டு ஏறினால், பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்குக்கு மேலே கொஞ்சம் தெரியும். ஐயோ, படத்தில் கொடியில் தொங்குவது என் ஸ்வெட்டர்!

ஸ்டெல்லா: கடைசி வரி. “பாட்டியின் கைச்சமையல் உண்டு.”

பத்மா: எந்தப் பாட்டி?

ஸ்டெல்லா: நானும் அதைத்தான் கேட்டேன். “உங்கள் இரண்டு பேரில் யாராவது. பின்னால் ஸ்டோர் ரூமில் தங்கிக்கலாம்” என்றார்.

பத்மா: சம்பளம்?

ஸ்டெல்லா: ஸ்டோர் ரூம் வாடகையில் கழித்துக்கொள்வாராம்.

பத்மா: நல்ல கணக்கு! நீயே பாட்டியாக இரு.

ஸ்டெல்லா: எனக்கு 54தான். தகுதி உங்களுக்கு.

பத்மா: நேற்றுதானே என் குழம்பை வாயில் வைக்க முடியவில்லை என்றாய்?

ஸ்டெல்லா: டூரிஸ்ட் ஒரு ராத்திரிதானே சாப்பிடப் போகிறான்!