பொக்லைனுக்குப் பணம் இருக்கிறது, ஊரில் வந்து உட்காரும் ஆளுக்கு இல்லை

போன கோடையில் எங்கள் ஊர் கண்மாயில் பொக்லைன் இறங்கியது. ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணம். பத்தே நாளில் உள்வாயைத் தோண்டி, மண்ணைக் கரையில் ஏற்றி, பெயர்ப்பலகையும் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஐப்பசியில் நல்ல மழை. ஆனாலும் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. மேலே வரத்துக்காலில், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலில், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, இரண்டு இடத்தில் வரப்பைத் தள்ளிப் போட்டு வாய்க்காலையே சுருக்கியும் விட்டார்கள். அதைப் பேசித் தீர்க்க வேண்டிய வேலை எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இல்லை.

எனக்குப் பக்கத்து ஊர் ஞாபகம் வந்தது. அங்கே பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். முதல் நாலைந்து மாதம் ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. வேலைக்குப் போனவர்கள் திரும்பி, சாப்பிட்டு முடித்து, ராத்திரி எட்டரைக்குத்தான் சாவடிக்கு வருவார்கள். அதுவரை காத்திருப்பார். பகலில் வயசான நீர்பாய்ச்சியோடு வரத்துக்கால் நெடுக நடப்பார். பெரியவர் கம்பை ஊன்றி நின்று, "இங்கனதான் முன்னாடி ரெண்டு ஆள் அகலம் இருந்துச்சு" என்று காட்டிய இடத்தையெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்வார். கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, சங்கமும் வைத்தார்கள். நிலமில்லாத பெண்கள் "எங்களுக்கு இதில் என்ன?" என்று கேட்டபோது ஒரு கூட்டம் முழுக்க அதிலேயே போனது. கடைசியில் கருவேலம் வெட்டும் கூலி அவர்களுக்கு, மீன் குத்தகையிலும் ஒரு பங்கு என்று முடிவானது. வரப்பை வாய்க்காலுக்குள் தள்ளிப் போட்டிருந்தவர் மூன்றாவது கூட்டத்தில் தானே எழுந்து "நான் எடுத்துவிடறேன்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்தது அவருடைய சொந்த மாமா. எந்த அதிகாரி நோட்டீஸ் கொடுத்திருந்தாலும் அது நடந்திருக்காது.

கிராமத்தில் தொண்டு நிறுவனத்தின் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. மதுரையில் 1997-இல் தொடங்கிய தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் கண்மாய்ப் பாசன விவசாயிகளையும், களஞ்சியம் என்ற பெயரில் பெண்களையும் சங்கமாகச் சேர்த்தது. சுய உதவிக் குழுவும் இப்படி வந்ததுதான். இன்று அதை அரசுத் திட்டம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் 1992-இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்த்தபோது, பெண்களைத் திண்ணையில் உட்கார வைத்துக் கையெழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் தொண்டு நிறுவனத்துக்காரர்களே.

எல்லாத் தொண்டு நிறுவனமும் யோக்கியம் என்று சொல்லவில்லை. பையும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்து, போட்டோ எடுத்து, 'பயிற்சி' என்று கணக்கு எழுதியவர்களை நானே பார்த்திருக்கிறேன். கணக்குக் கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் 2020-இல் திருத்திய வெளிநாட்டு நிதிச் சட்டம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்ததோடு, ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதையும் தடை செய்துவிட்டது. பெரிய நிறுவனம் வழியாக வந்த பணத்தில்தான் ஊராட்சி ஒன்றிய அளவில் நாலைந்து பேரை வைத்து ஓடிக்கொண்டிருந்த சின்ன அமைப்புகள் பிழைத்தன. ஏமாற்றுக்காரனுக்கு வேறு வழி தெரியும். அடிபட்டது இவர்கள்தான்.

சரி, உள்நாட்டுப் பணம் இருக்கிறதே என்பார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சிஎஸ்ஆருக்கு ஒதுக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நான் பார்த்தவரை அந்தப் பணம் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் சுலபமாக வருகிறது. இரண்டு வருடம் ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்குச் சம்பளம் என்றால், "இதில் என்ன காட்ட முடியும்?" என்று கேட்கிறார்கள்.

அந்தப் பக்கத்து ஊருக்குப் போன வாரம் போயிருந்தேன். தம்பி எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். சங்கம் மட்டும் இருக்கிறது. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் வழிகிறது. மடைச் சாவியைச் செயலாளர் வீட்டு மாடத்தில் வைத்திருக்கிறார்கள். எந்த மடையை என்றைக்குத் திறப்பது என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டமாம்.

நண்பர்களில் யாராவது சிஎஸ்ஆர் குழுவில் இருந்தால், அடுத்த முறை கண்மாய்க்குப் பணம் ஒதுக்கும்போது ஒரு களப்பணியாளரின் இரண்டு வருடச் சம்பளத்தையும் பஸ் செலவையும் அதில் சேருங்கள். பொக்லைனை இரண்டாம் வருடம் இறக்கிக்கொள்ளலாம்.