மூன்றாவது படத்தில் அலை பெரிதாக இருந்தது

டிசம்பரில் எங்கள் பள்ளியின் உயர்நிலை மூன்று பிள்ளைகள் 22 பேரைக் கூட்டிக்கொண்டு கம்போடியா போகிறேன். சேவைக் கற்றல் பயணம். சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் இளையரை வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்பும் யூத் எக்ஸ்பெடிஷன் புராஜெக்ட் வந்த காலத்திலிருந்து கம்போடியாவின் சியம் ரீப்புக்கும் தாய்லாந்தின் சியாங் மாய்க்கும் ஒரே நிற டிசட்டை போட்ட கூட்டம் பள்ளி விடுமுறைதோறும் விமானம் ஏறுகிறது. எனக்கு இது நான்காவது முறை. முதல் இரண்டு முறை நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த ஊர் நாகப்பட்டினம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினாறு வயது, தங்கைக்கு எட்டு. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நாங்கள் பிழைத்தோம், வீடு பிழைக்கவில்லை. தார் ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில் இருந்தோம். மதியத்தில் உள்ளே உட்கார்ந்தால் மனிதன் வெந்துவிடுவான். உதவி வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும், ஏராளமாக வந்தது. சாலையோரம் பழைய துணி மலைமலையாகக் கிடந்தது. அதில் கம்பளி ஸ்வெட்டர்கூட இருந்தது, நாகப்பட்டினத்துக்கு! யாரோ உடுத்திக் கழித்த சேலையை எடுத்துக் கட்ட எங்கள் பெண்களுக்கு மனம் வரவில்லை. நனைந்து நாற ஆரம்பித்த பிறகு நகராட்சி லாரி வந்து அள்ளியது. ஃபைபர் படகுகளும் அப்படித்தான். சில ஊர்களில் அலைக்கு முன்னால் இருந்ததைவிடப் படகு அதிகமாகிவிட்டது.

எனக்கு அதைவிட ஞாபகம் இருப்பது என் தங்கையின் படங்கள். மனநல உதவி என்று ஒரு குழு வந்து பிள்ளைகளைப் பாய் விரித்து உட்காரவைத்து, "நீங்க பார்த்த அலையை வரைங்க" என்றது. கிரேயானைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் ஒன்றும் வரையவில்லை. கடைசியில் ஒரு சின்ன நீலக் கோடு. அதே மாதத்தில் இன்னொரு குழு, அப்புறம் இன்னொன்று. மூன்றாவது முறை அவள் தயங்கவே இல்லை. பனைமரம் உயரத்துக்கு அலை, அடியில் ஒரு படகு, தலைகீழாக ஒரு ஆள். ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு பிஸ்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் கண்கலங்கிப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான், ஆசிரியரானதும், முதல் பயணத்தில் பிள்ளைகளிடம் பெயின்ட் டப்பாவைக் கொடுத்தேன்.

சியம் ரீப்பிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு கிராமப் பள்ளி. சுவருக்கு மஞ்சள் அடித்து, ஒரு பக்கம் வானவில்லும் எங்கள் பள்ளிச் சின்னமும் வரைவதாகத் திட்டம். சுரண்டும் தகட்டால் ஒரு மாணவி பழைய பெயின்ட்டைச் சுரண்டினாள். வெளிர்நீலம் உதிர்ந்தது, அடியில் பச்சை, அதற்கும் அடியில் ஒரு பூவின் பாதி. "சார், இங்க ஏற்கெனவே வரைஞ்சிருக்காங்க" என்றாள். ஏற்பாடு செய்த நிறுவனத்தின் ஆளைக் கேட்டேன். சிரித்தார். சுவர் எங்களுக்காக இருந்தது, நாங்கள் சுவருக்காகப் போகவில்லை. அந்தப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடி எங்கள் கையைப் பிடித்தபோது எனக்குத் தங்கையின் மூன்றாவது படம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் போனை எடுத்தேன்.

அநாதை இல்லம் போவதை மட்டும் முதலிலிருந்தே மறுத்துவிட்டேன், அந்த ஒரு புண்ணியம். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இந்த இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த ஐந்தாண்டில் அநாதைகள் பெருகவில்லை, பார்க்க வருகிறவர்கள்தான் பெருகினார்கள். உள்ளே இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். 2011இல் அங்கே ஒரு விழிப்புணர்வுச் சுவரொட்டி வந்தது: அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளைகள், சுற்றி நின்று படமெடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017இல் நவீன அடிமைமுறை விசாரணையில் இந்த இல்லச் சுற்றுலாவையும் சேர்த்தே விசாரித்தது. இதற்குப் பிறகும் "ஒரு அரைநாள் அங்க போகலாமே, பிள்ளைங்களுக்கு மனசு இளகும்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளை மனசு இளக இன்னொரு பிள்ளையை வீட்டைவிட்டுப் பிரித்து வைக்க வேண்டுமா?

இப்போது எந்த நடவடிக்கையையும் ஒரே கேள்வியில் வடிகட்டுகிறேன்: இதை நம் பள்ளியில் செய்ய விடுவோமா? முன்பின் தெரியாத 22 பதின்ம வயதினர் செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளே வந்து, கணக்குப் பாடத்தை நிறுத்தி, நம் தொடக்கநிலைப் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால்? இங்கே பிள்ளையின் படத்தைப் பள்ளி வெளியிடவே பெற்றோர் சம்மதம் கேட்கிறோம். அங்கே பல பள்ளிகளில் இடமும் ஆசிரியரும் போதாமல் காலை ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட். ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அரைநாள் படிப்பு. அதில் நம் 'விளையாட்டும் பாட்டும்' ஒரு மணி நேரத்தை விழுங்கினால் எவ்வளவு மிஞ்சும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

மூன்றாவது பயணத்துக்கு முன்னால் நான் தனியாகப் போய் நான்கு நாள் தங்கினேன். ஏற்பாட்டாளர் இல்லாமல், மொழிபெயர்ப்பாளர் மட்டும். தலைமையாசிரியை முதல்நாள் "எது செய்தாலும் நல்லதுதான்" என்றார். விருந்தாளியிடம் வேறென்ன சொல்வார்? மூன்றாம் நாள்தான் ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார். நிறைய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள், பாதிக்கு மேல் சிங்கப்பூர் நூலக முத்திரையோடு. படிக்க ஆளில்லை. பிள்ளைகள் பேசும் க்மேர் மொழியில் புத்தகம் வேண்டும், தலைநகர் புனோம் பென்னில் கிடைக்கிறது, வாங்கித்தான் தர ஆளில்லை என்றார். தமிழ் வாத்தியாரான எனக்கு அது உறைக்க மூன்று பயணம் ஆகியிருக்கிறது பாருங்கள். அப்புறம் கழிவறைக் குழாய். அதற்கு உள்ளூர் பிளம்பர் போதும், எங்கள் பிள்ளைகள் தேவையில்லை.

டிசம்பர் அங்கே அறுவடைக் காலம் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். டெல்டாக்காரன் நான்! கதிர் சாய்ந்து நிற்கும்போது வேலையை விட்டுவிட்டு வரவேற்பு மாலை கட்ட யார் வருவார்கள்? முந்தைய இரண்டு முறையும் வந்தார்கள். கூலி போயிருக்கும். ஆகவே இந்த முறை வரவேற்பும் கிடையாது, வழியனுப்பும் கிடையாது. எங்கள் விடுமுறையை மாற்ற முடியாது, அவர்கள் வேலையை நிறுத்தாமலாவது இருக்கலாம்.

பயணத்துக்கு முன் எட்டு வாரம் வகுப்பு. நாற்பது க்மேர் சொற்கள், 1975இலிருந்து 1979 வரை க்மேர் ரூஜ் ஆட்சியில் நடந்த படுகொலைகள். இது சும்மா பொது அறிவுக்காக இல்லை. போன முறை ஒரு மாணவன் ஒரு பாட்டியிடம், "உங்களோட கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று சாதாரணமாகக் கேட்டான். மொழிபெயர்ப்பாளர் கேள்வியை மொழிபெயர்க்கவே இல்லை, தரையைப் பார்த்தார். அறுபது வயதுக்கு மேற்பட்டவரிடம் அங்கே எதைக் கேட்கலாம், எதைத் தானாக வரும்வரை விடலாம் என்பதை ஒரு பதினைந்து வயதுப் பையன் போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

போன வாரம் பெற்றோர் கூட்டம். ஒரு அப்பா எழுந்தார். "சார், பெயின்ட் இல்ல, பாடம் நடத்துறது இல்ல, பிள்ளைங்களோட போட்டோ இல்ல. 1,600 வெள்ளி கட்டுறோம், அங்க போய் என்னதான் செய்வாங்க?" நியாயமான கேள்வி. தங்கும் வீட்டுக்கு வாடகையும் சாப்பாட்டுக் காசும் கொடுப்பார்கள், கூப்பிட்டால் வயலுக்குப் போவார்கள், கூப்பிடாவிட்டால் பாத்திரம் கழுவுவார்கள், புத்தக மூட்டையை அலமாரியில் அடுக்குவார்கள், கற்றுக்கொண்டு வருவார்கள் என்றேன். "அப்ப சேவை?" என்றார். படிப்புச் சுற்றுலா என்றே பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சேவை மணிநேரக் கணக்கு வராது என்று அலுவலகத்தில் தயங்குகிறார்கள் என்றேன். இரண்டு பேர் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு இப்போது எட்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். முழுக்கக் கேட்டாள்.

"எல்லாஞ் சரிண்ணே," என்றாள். "பிஸ்கெட் எடுத்துட்டுப் போறீங்களா, இல்லையா?"